முதல் வரிசை, பதினான்காம் இருக்கை

மாப்ள,

இன்று காலை ஆபீஸ் வாசலில் நான்கு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. பிரித்தால் எல்லாம் மஞ்சள் டி-ஷர்ட். புதுப் பிரிண்ட் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஓட்டப்பந்தயமாம். ரோட்டோரம் நின்று கைதட்ட நம் லேபர் கேம்ப்பிலிருந்து நூறு பேர் வேண்டுமாம். பெட்டியை மூடிவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றேன். பக்கத்து மேசைக்காரர் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்று சொல்லி வைத்தேன். செத்துப்போன கூட்டாளி உன் ஞாபகம் டி-ஷர்ட் வாடையில் வந்தது என்று யாரிடம் சொல்ல முடியும்?

அமீரகத்து அல் ஐனில், ஐஸ் சறுக்குகிற அந்த ரிங்க்கின் மேல் பச்சைக் கம்பளம் விரித்து லாக்ரோஸ் என்று ஓர் ஆட்டம் நடத்தினார்களே, அந்த ஒரே ஒரு சீசன். கனடாவிலிருந்து சம்பளத்துக்கு ஆட வந்தவர்கள், நாலு டீம், மூன்று மாதம். எல்லாம் இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. டிவியில் காலி நாற்காலி தெரியக்கூடாது என்று நம் கம்பெனியிடம் ஆள் கேட்டார்கள். கேம்ப் ஆபீசில் கிளார்க்காக இருந்த என் தலையில் அது விழுந்தது. ஞாயிறு மத்தியானம் இரண்டு பஸ். ஆளுக்கு ஒரு மஞ்சள் டி-ஷர்ட், ஒரு பிரியாணிப் பொட்டலம். நான் கையைத் தூக்கினால் கத்த வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். துணி துவைக்கவும் ஊருக்குப் பேசவும் வாரத்தில் இருந்த ஒரே லீவு நாளை உங்களிடமிருந்து பிடுங்கினேன். வராதவன் பெயரை எழுதி மேலே கொடுப்பேன் என்று மிரட்டியும் இருக்கிறேன். அப்போது அதற்குக்கூட எனக்கு வெட்கமாக இல்லை.

மிரட்டாமல் வந்தவன் நீ ஒருவன்தான். முதல் வாரம் உனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. "என்னடா மாப்ள இது, ஆளுக்கொரு வலையைக் குச்சியில கட்டிக்கிட்டு அலையுறானுக. பந்து எங்க இருக்குன்னே தெரியல" என்று சிரித்தாய். கோல் காக்கிறவனைப் பார்த்து, "வீட்டுல இருந்த மெத்தை தலகாணி பூராத்தையும் எடுத்துக் கட்டிக்கிட்டு வந்துட்டான்" என்றாய். மூன்றாவது வாரம் நீயே பஸ்சில் எழுந்து நின்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தாய். முப்பது செகண்டுக்குள் கோலைப் பார்த்து அடித்தாக வேண்டும், இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. தப்பாட்டம் ஆடினால் இரண்டு நிமிஷம் வெளியே பெட்டிக்குள் உட்கார வேண்டும். வாரம் ஆறு நாளும் சூட்டில் சாரம் கட்டிவிட்டு வந்து இதையெல்லாம் எப்போது படித்தாயோ!

நமக்கு உத்தரவு, சிவப்பு டீமுக்குக் கத்த வேண்டும் என்று. ஸ்பான்சர் அவர்கள் பக்கம். நீயோ நீல டீம்காரன். அது தோற்றுக்கொண்டே இருந்தது. "ஜெயிக்கிறவனுக்குக் கத்த ஊரே இருக்கு. தோக்குறவனுக்கு நாலு பேரு வேணாமாடா?" என்பாய். ஒருநாள் நான் கையை இறக்கிய பிறகும் நீ நிறுத்தவில்லை. நிகழ்ச்சி மேனேஜர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்தக் கடுப்பை நான் பஸ்சில் உன்மேல் இறக்கினேன். நீ அசரவில்லை. "டி-ஷர்ட்டு உங்களோடது மாப்ள. வாயி என்னோடது" என்றாய். பஸ்சே சிரித்தது, நான்தான் உம்மென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நமக்கு இடம் எப்போதும் மேல்தட்டு. கீழே களத்தைச் சுற்றிய கண்ணாடித் தடுப்பை ஒட்டிய வரிசைகள் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும். "ஒரே ஒரு தடவை அங்கன உக்காரணும் மாப்ள. அவனுக வந்து பலகையில மோதுறப்ப நம்ம நெஞ்சுல இடிக்கும்ல?" என்று என்னிடம் எத்தனை முறை கேட்டாய்! பார்க்கலாம், பார்க்கலாம் என்பேன். நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

உன் நீல டீம் எப்படியோ தட்டுத்தடுமாறி ஃபைனலுக்கு வந்துவிட்டது. அன்று பஸ்சில் நீ இல்லை. தனியாக வருகிறேன் என்று சொல்லியிருந்தாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எனக்கு ஆள் எண்ணும் அவசரம்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மேனேஜர் என் தோளைத் தட்டிக் கீழே காட்டினார். முதல் வரிசையில் நீ. ஊருக்குப் போகும்போது மட்டும் போடுவாயே, அந்த வெளிர்நீல முழுக்கைச் சட்டை. இஸ்திரி போட்டு, டக்-இன் பண்ணி, முடியைப் படிய வாரி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "அது உங்க லேபர்தானே? இங்க எப்படி வந்தான்? மேல அனுப்பு" என்றார் இங்கிலீஷில்.

இறங்கி வந்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே முகமெல்லாம் சிரிப்பாக போனை நீட்டினாய். டிக்கெட். முதல் வரிசை, பதினான்காம் இருக்கை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை, மாப்ள. நான் அதை முழுசாகப் படித்தேன். மேனேஜர் பின்னாலேயே நின்றார். டிக்கெட் வாங்கியிருக்கிறான் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஆபீசில் நான் என்னைச் சென்னைக்காரன் என்று சொல்லி வைத்திருந்தேன். சாரம் கட்டுகிறவன் எனக்கு ஒரே ஊர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்று அவருக்குத் தெரியக்கூடாது என்ற ஒரே நினைப்புதான் அப்போது இருந்தது. சீ, என்ன பிறவி நான்!

உன்னிடம் நான் தமிழில் பேசவில்லை. "பாய், ஊப்பர் ஜாவ். ஜல்தி" என்று மேலே போகச் சொன்னேன்.

நம் ஆயுசில் நான் உன்னிடம் இந்தி பேசியது அந்த ஒரு தடவைதான். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாய். "அச்சா, பாய்" என்றாய், என்னை முன்பின் தெரியாதவன் மாதிரி. என் மானத்தைக் காப்பாற்ற நீயும் அந்நியன் ஆகிவிட்டாய். படியேறிப் போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மெஸ்ஸில் டீ கிளாசோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவாய், வாங்கிக்கொண்டு காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தேன். "கடைசி கோலு பாத்தியா மாப்ள? மேல இருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியுது" என்றாய். அவ்வளவுதான். நீல டீம் தோற்றிருந்தது. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. நானோ, டூட்டிக்கு நேரமாச்சு என்று எழுந்து போனேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் நீ கட்டிலிலிருந்து எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஊருக்கு அனுப்ப வேண்டிய பேப்பர்களை நான்தான் டைப் அடித்தேன். உனக்கு இவன் என்ன உறவு என்று என்னைக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த ஆபீசில் எல்லோர் முன்னாலும், இவன் என் கூட்டாளி, ஒரே ஊர் என்று சொன்னேன். இனி யாருக்கு வேண்டும் அது!

லீவில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். "அண்ணே, கடைசி மேட்சுல நீங்கதான் அவரை முன் வரிசையில உக்கார வச்சீங்களாமே. அன்னைக்கு போன்ல வேற பேச்சே இல்ல. ஆடுறவுக மூச்சு விடுறதுகூடக் கேட்டுச்சாம். 'எம் மாப்ள ஆபீசர்டி, அவன் இருக்குறப்ப எனக்கென்ன கொற'ன்னு அம்புட்டுப் பெருமை. அவருக்குன்னு அங்கன நடந்த நல்லது அது ஒண்ணுதான். நீங்க நல்லா இருக்கணும்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உன் மகள் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், மாப்ள. "ஆமாம்மா" என்றேன். காபியையும் குடித்தேன்.

வருஷா வருஷம் பொங்கலுக்கு உன் மகள் எனக்கு போன் பண்ணுகிறாள். படிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, "மாமா, அப்பா அன்னைக்கு எப்படி உக்காந்திருந்தாருன்னு சொல்லுங்க" என்கிறாள். நான் சொல்கிறேன். நீலச் சட்டை, படிய வாரிய முடி, மடியில் கை. அங்கே நிறுத்திக்கொள்கிறேன். "அப்புறம் மாமா?" என்று கேட்கிறாள். கடைசி வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாரும்மா என்று சொல்கிறேன்.