ஏணி மறுபடியும் கடைக்கு வந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்கால் மாடிப்படியில் மட்டும்தான் முணுமுணுக்கிறது, உன் அம்மாவுக்குக் காய்ச்சலோடு வந்த இருமலும் நின்றுவிட்டது, ஆக இங்கே நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். எங்களுக்காக ஓர் அறையை ஒதுக்கி வெள்ளையடித்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் அங்கேயே வந்து தங்கப்போவதில்லை. பார்க்க வருவோம், கொஞ்ச நாள் இருப்போம், திரும்பிவிடுவோம். இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இந்த வயசில் அம்மா ஏன் இன்னும் அந்த ஃபேக்டரியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று நீ கேட்டாய். ஏணி சாக்லேட் ஏன் ஏணி மாதிரி இருக்கிறது என்று குட்டி கேட்டான். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், அவனுக்கும் வாசித்துக் காட்டு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது வெறும் பிஸ்கட் ஃபேக்டரி. முதலாளியம்மா கணவர் போனபிறகு தானே எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார், ஃபேக்டரிக்கு வருவதும் போவதும் பஸ்ஸில்தான். ஒரு நாள் பஸ் கண்டக்டர் தன் பிள்ளைக்கென்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்த சாக்லேட் உருகி, டிக்கெட் கட்டு முழுக்க அப்பிக்கொண்டு, மனிதர் யாருக்கும் டிக்கெட் கிழிக்க முடியாமல் நின்றாராம். முதலாளியம்மா உள்ளே வந்ததும் வராததுமாக எங்களைக் கூப்பிட்டு, "வெயில்ல பையில இருந்தாலும் நிமிர்ந்து நிக்கற சாக்லேட் ஒண்ணு வேணும், அதைப் பண்ணிட்டுத்தான் மறுவேலை" என்றார். எங்களுக்குத் தெரிந்தது பிஸ்கட். பிஸ்கட்டை முழுத் தகடாக உள்ளே வைத்துப் பார்த்தோம், சாக்லேட் பெயருக்குத்தான் இருந்தது. இரண்டு குச்சியாக வைத்தோம், நடுவில் பிளந்துகொண்டது. கடைசியில் குறுக்குச் சட்டங்கள் வைத்து ஏணி மாதிரி அச்சு வெட்டி, அந்த பிஸ்கட் ஏணியின் மேலே சாக்லேட்டை ஊற்றினோம். மேலே இருப்பது இளகினாலும் உள்ளே இருக்கிற ஏணி தாங்கிக்கொண்டது. ஏணி யார் யோசனை என்று கேட்டால் நான் என்பேன். அம்மாவைக் கேட்டால் அவள் என்பாள். அவள் அப்போது இதற்கென்றே புதிதாகத் தொடங்கிய கோகோ கொட்டை வறுக்கிற பிரிவில் சேர்ந்திருந்தாள், என்னிடம் முதன்முதலாகப் பேசியதே, "இவ்வளவு தடிச் சட்டம் வச்சா ஜனங்க சாக்லேட் திங்கறதா, மரம் திங்கறதா" என்றுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், அதன் விளைவாகத்தான் நீ பிறந்தாய்.

அந்த ஏணி போன போக்கை நீயே பார்த்திருக்கிறாய். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் முழுசாக வாங்க மாட்டார்கள், "ஒரு படி குடுடா" என்று உடைத்து வாங்குவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ்கள் வேலைக்கு நடுவே படிப்படியாகத் தின்பார்கள். ஒரு லாரி டிரைவர் கண்ணாடிக்கு முன்னால் வெயிலிலேயே போட்டு வைத்துவிட்டு, ஏணி நிற்கிறது என்று சொல்ல ஃபேக்டரி வாசல்வரை வந்தார். இத்தனைக்கும் உள்ளே ரகசியம் ஒன்றும் இல்லை, சாமான் என்னவென்று உறையிலேயே அச்சடித்திருக்கிறது. கொட்டையை எந்த நிமிஷம் அடுப்பிலிருந்து இறக்குவது என்பதுதான் விஷயம், அதை உன் அம்மாவின் மூக்குதான் சொல்லும். வறுவல் அறையில் அவள் திரும்பி நின்று யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள், பேச்சை நடுவில் நிறுத்தி "இறக்கு" என்பாள். அது தப்பி நான் பார்த்ததில்லை.

வெள்ளம் வந்தது உனக்குத் தெரியும், வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததை முழுசாகச் சொல்லவில்லை. ஆறு ஃபேக்டரிக்குள் புகுந்து அச்சு அறையில் இடுப்பளவு சேற்றைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அரைக்கிற இயந்திரம் போயிற்று, அச்சுகள் துரு ஏறிவிட்டன. பழைய பிஸ்கட் அடுப்பும் போய்ப் புது அடுப்பு வந்தது. சேறு வாரிய கையோடு அம்மா காய்ச்சலில் விழுந்தாள். எழுந்தபோது வாசனை தெரியவில்லை. பால் பொங்கித் தீய்கிறது, பக்கத்திலேயே நிற்கிறாள், தெரியவில்லை. டாக்டர், வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். நாக்கில் இனிப்பும் உப்பும் கசப்பும் புளிப்பும் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் வெறும் சூடு, வெறும் ஈரம் என்று சொன்னாள். உன்னிடம் மூக்கடைப்பு என்று சொல்லச் சொன்னதும் அவள்தான், நான் இல்லை. அதே வாரத்தில் முதலாளியம்மாவின் மகன், நாங்கள் சின்னவர் என்போமே, எல்லாரையும் கூட்டி இனி பிஸ்கட் மட்டும்தான், ஏணி நிறுத்தியாயிற்று என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் தலையில் ஆயிரம் பாரம். ஆனால் ஏணி இல்லாவிட்டால் வறுவல் அறையிலும் அச்சு அறையிலும் இருந்த பெண்களுக்கு வேலை இல்லை.

அம்மா நேராக அவர் அறைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். பின்பக்கத்து ஸ்டோர் ரூமையும் சின்ன வறுவல் அடுப்பையும் கொடுங்கள், நாங்கள் ஏணியைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்றாள். அவர் தயங்கித் தயங்கி, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கே வாசனை தெரியலை. அப்புறம் யார் வறுக்கறது" என்றார். "நான்தான்" என்றாள். உட்கார்ந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய அம்மா தின்று பார்த்து இது ஏணிதான் என்று சொன்னால்தான் உறையில் அந்தப் பெயர் ஏறும்.

நான் அச்சுகளைத் தேய்த்துத் துரு எடுத்தேன், அரைக்கிற இயந்திரத்தின் மோட்டாருக்குச் சுருள் சுற்றினேன். அம்மா தனக்கு மூக்காக இருக்கச் சொல்லி, உறை மடிக்கிற பிரிவிலிருந்து சுருட்டையைக் கூப்பிட்டுக்கொண்டாள், அதுதான் அந்தச் சுருட்டை முடிக்காரப் பெண், உன் கல்யாணத்தில் ஆடித் தீர்த்தாளே, அவள். அவளுக்கு மூக்கு கூர்மை, வாய் மட்டும் ரொம்ப நல்ல வாய். எதை நீட்டினாலும் "நல்லா இருக்குக்கா" என்பாள். முதல் வறுவல் கரிந்தது, அதையும் நல்லா இருக்கு என்றாள். இரண்டாவதை முதலாளியம்மாவிடம் கொண்டுபோனோம். நடக்க முடியாமல் நாற்காலியில்தான் இருக்கிறார், பார்வையில் மட்டும் பழைய மிடுக்கு அப்படியே இருக்கிறது. ஒரு படி உடைத்துத் தின்றார், விரலைத் துடைத்துக்கொண்டார், "நல்ல சாக்லேட். ஏணி இல்ல" என்றார். வீட்டுக்கு வந்து அம்மா கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். நான் பொறுக்கமாட்டாமல், விட்டுத்தள்ளு, மகள் கூப்பிடுகிறாள், போய் நிம்மதியாக இருப்போம் என்றேன். ஈரக் கையோடு திரும்பி, "மூக்குதானே போச்சு. காது இருக்கு, உதடு இருக்கு, கை இருக்கு. நீங்க வேணா போங்க" என்றாள். போவதற்கு நான் என்ன பைத்தியமா.

அடுத்த நாளிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கோகோ கொட்டை வறுபடும்போது முதலில் ஒன்றிரண்டாக வெடிக்கும், பிறகு சேர்ந்து படபடக்கும், பிறகு அடங்கும். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது சத்தமாகவே படவில்லை. சாக்லேட்டின் பதத்தைக் கீழுதட்டில் தொட்டுப் பார்த்தாள். சுருட்டையை உட்காரவைத்து, "நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கு ஆள் வேண்டாம், வீட்டிலேயே ஒருத்தர் இருக்கார். எது மாதிரி வாசம் வருதுன்னு சொல்லு, அசிங்கமா இருந்தாலும் சொல்லு" என்றாள். பாவம், சுருட்டை கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். நனைஞ்ச அட்டைப்பெட்டி, புதுச் செருப்பு, நாயைக் குளிப்பாட்டின வெந்நீர் என்று ஒவ்வொன்றாக வந்தது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அம்மா சிரிக்கவில்லை, அட்டைப்பெட்டி என்றால் இன்னும் கொஞ்சம் வறுபட வேண்டும், செருப்பு என்றால் தாண்டிப் போய்விட்டது என்று மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே வந்தாள். இப்படியே வறுவல் சரியாகிவிட்டது, ஆனாலும் ஏணி வரவில்லை. ஒரு மத்தியானம் சுருட்டை கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பி மோந்துவிட்டு, பயந்துகொண்டே, "அக்கா, சாக்லேட்ல தப்பில்லை. உள்ள இருக்கற பிஸ்கட்டுதான் பேப்பர் மாதிரி இருக்கு" என்றாள். அம்மா ஏணியை உடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரமெல்லாம் வெளுப்பு. பழைய அடுப்பில் வெந்த ஏணிக்கு ஓரம் கொஞ்சம் சிவந்து தீய்ந்திருக்கும், புது அடுப்பு ஒரே சீராக வேகவைக்கிறது, அதுதான் வினை. பிஸ்கட் அடுப்பு என் துறை. தட்டைச் சூட்டுக்குப் பக்கத்தில் தாழ்த்தி, ஏணியை இரண்டாம் முறை அடுப்பில் விட்டு, ஓரம் சிவக்கிறவரை நான் அங்கிருந்து நகரவில்லை.

மறுபடி போனோம். இந்த முறை சின்னவரும் அங்கே இருந்தார். முதலாளியம்மா ஒரு படி தின்றார். இன்னொரு படி உடைத்து மகன் கையில் கொடுத்தார். மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டு, "பழைய ஏணி இல்ல. கசப்பு ஒரு இழை கூட இருக்கு, உப்பும் தூக்கலா இருக்கு" என்றார்.  சுருட்டை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அசையவில்லை. "தெரியும்மா. வேணும்னேதான் வச்சேன். என் நாக்குக்கு இப்ப அது ரெண்டும் நல்லாத் தெரியுது. எனக்கே ருசி தெரியாத ஒண்ணைச் செஞ்சு ஊருக்கு விக்க என்னால முடியாது" என்றாள். எங்கள் யாரிடமும், என்னிடம்கூட, அவள் இதைச் சொல்லியிருக்கவில்லை.  முதலாளியம்மா மிச்சம் இருந்த ஏணியை உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்து, "இதுக்குப் பேரு ஏணிதான். அச்சு அறையைத் திறந்து விடு" என்றார். சின்னவர் சரி என்றார். வாசலுக்கு வந்ததும் சுருட்டை அழுதாள், அம்மா அவளைப் பார்த்து, "அழுகையை அப்புறம் வச்சுக்கோ, நாளைக்குக் கொட்டை மூட்டை வருது" என்றாள்.

இப்போது அச்சு அறையில் பழையபடி பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஏணி கடைகளுக்குப் போய்விட்டது. சிலர் மாறிவிட்டது என்கிறார்கள், சிலர் முன்பைவிடத் தேவலை என்கிறார்கள், எப்படியோ வாங்குகிறார்கள். முதன்முதலில் கடையில் அதைப் பார்த்த அன்று அம்மா தானே காசு கொடுத்து ஒன்று வாங்கி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கு ஒரு படிகூடத் தராமல், மெதுவாக முழுசையும் தின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உறையை நீவி நான்காக மடித்தபடி, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரியா இருக்கு. தெரியாததை ஜனங்க பாத்துக்கட்டும்" என்றாள். இதைப் படித்துவிட்டு அம்மாவின் மூக்குக்காக நீ அழாதே, அவள் அழவில்லை.

பார்சலில் ஏணிகள் அனுப்பியிருக்கிறேன், ஃபிரிட்ஜில் வைக்காதே, சாக்லேட் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். குட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு படிதான், பல் டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னாயே, அதைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையை வேலை வேலை என்று முதுகை ஒடித்துக்கொள்ளாமல் இருக்கச் சொல். நீ எடுத்த காரியம் எதுவானாலும் கைகூட வேண்டும், மூன்று பேரும் குறைவில்லாமல் நீடு வாழ வேண்டும். அம்மா தனியாக எழுதவில்லை, வறுவலுக்கு நேரமாகிவிட்டதாம், அவள் ஆசீர்வாதத்தையும் இதிலேயே சேர்த்துக்கொள்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா