அரசருக்கு மீசை

நவம்பர் 11. விட்டு விட்டு மழை.

இன்று காலை பத்தேமுக்காலுக்கு, நஸ்ரின் வீட்டு மாடியில், அரசருக்கு மீசை வைப்பதென்று ஒருமனதாக முடிவாயிற்று. ஆயிரம் வருடத்துக்கு மேல் தீர்க்கப்படாமல் கிடந்த விஷயம். சபையில் உறுப்பினர் இருவர். இருவருக்கும் மீசை கிடையாது.

பின்னணி, எனக்கே மறந்துவிடாமல் இருக்க: பதின்வயதினருக்கான சோழ அரசர் வரலாறு, பக்கத்துக்குப் பக்கம் படம். எழுத்து நான். ஓவியம் நஸ்ரின், கடைத்தெரு ஹார்டுவேர் பாயின் மகள். ஊர்ச் சபையில் யார் சேரலாம், யார் கூடாது என்பதுவரை கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அரசர் மூஞ்சி எப்படி என்று ஒரு வரி இல்லை. ஆகவே ஏப்ரலில், ஏரிக்கரை இருளர் குடியிருப்புப் பொன்னனை, அவர் சம்மதத்தோடு, உட்காரவைத்துப் படம் எடுத்தோம். சிம்மாசனம்: பிளாஸ்டிக் நாற்காலி. பட்டாடை: என் போர்வை. நல்ல தாடை, நிமிர்ந்த முதுகு. பதினான்கு ஓவியம்.

நேற்று சென்னையிலிருந்து பதிப்பாளர் போன். வெளியீடு கஜபதி கல்யாண மண்டபத்தில். தலைமை கஜபதி.

பொன்னன் வேலை செய்வது கஜபதி நிலத்தில். கஜபதி எதிரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சிம்மாசனத்தில் பார்த்தால் கஜபதி என்ன செய்வார்? வேலை போகும். வேறென்ன.

ஆகவே மீசை. மேல்நோக்கி முறுக்கியது. பதினான்கிலும். “இப்ப அவரு பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதுக்கா” என்கிறாள் நஸ்ரின்.

வாங்க: உளுந்து, கொசுவர்த்தி, நீல மை.

நவம்பர் 14. தூறல்.

தூக்கம் சரியில்லை. காது. மீசை காதை மறைக்காது. பொன்னனுக்கு வலது காது மடல் கிழிந்தது, படத்திலும் கிழிந்தே இருக்கிறது. நஸ்ரினுக்கு போன். குண்டலம் போட்டு மூடிவிட்டாளாம். ஒன்றில் மட்டும் முடியவில்லை, யானைமேல் போகிற படம்; அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது. அதுதான் அட்டை.

உளுந்து மறந்தேன்.

நவம்பர் 26. வெயில், ஒருவழியாக.

அட்டைப்படம் கஜபதிக்குப் போயிருக்கிறது. அவரே கூப்பிட்டார். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

“டீச்சர், பாத்தேன். அப்டியே எங்க தாத்தா.”

இருக்கலாம் என்றேன். வரலாறு எழுதுகிறவருக்குரிய நேர்மையோடு ‘லாம்’ என்பதை அழுத்தினேன். மண்டப வாசலில் பன்னிரண்டு அடி பேனர் வைக்கப்போகிறாராம். வம்சத்தைப் பற்றி அரைமணி பேசவும் போகிறார். பிழைத்தோம்.

இரவு நன்றாகத் தூங்கினேன். இரண்டு வாரத்தில் முதல் தடவை.

டிசம்பர் 9. பனி.

பஸ் ஸ்டாண்டில் பொன்னன். மீசையோடு.

நஸ்ரின் படங்களை அவர் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். எதற்கு மீசை வரைந்தோம் என்பதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பார்த்த மனைவி, நல்லா கீது, நீயும் வெச்சிக்கோ என்றிருக்கிறார். எண்ணெய் தடவி முறுக்கு வேறு. அசல் இப்போது அட்டைப்படத்தைவிட அரசர்போல் இருக்கிறது.

விழா முடியும்வரை எடுத்துவிடுங்களேன் என்றேன். ஏன் என்றார். மென்று விழுங்கி, கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். காஞ்சிபுரம் பஸ் ஒன்று வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் மீசை நுனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ராஜாக்கு மீச வெச்சீங்கோ. என்னிய எடுக்கச் சொல்றீங்கோ. இன்னாம்மா இது?”

வெயில் ஏறுகிறது என்றோ ஏதோ சொன்னேன். ஏறவில்லை.

டிசம்பர் 13.

நஸ்ரினுக்கும் தூக்கம் போய்விட்டது. விழாவுக்குப் பொன்னன் ஏன் வரப்போகிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். தினம் இரண்டு தடவை.

மூக்குக்கண்ணாடி ரிப்பேர். பதிப்பாளர், புத்தகம் வந்துவிட்டது, பிரமாதம் என்கிறார். பக்கம் 31 தலைகீழ்.

டிசம்பர் 21. விழா. மேகமூட்டம்.

பேனர் பன்னிரண்டு அடி, யானையை வெட்டிவிட்டு முகம் மட்டும்; கிழிந்த வலது காதே ஒரு முழம். அதன்கீழே நின்று கஜபதி போட்டோ எடுத்துக்கொண்டார், தன் மீசையையும் அதே கோணத்தில் முறுக்கி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று வரிசை, ஆளுக்கொரு புத்தகம்.

நாற்காலி போதவில்லை. கஜபதியே மேடையிலிருந்து ஆள் அனுப்பி, நிலத்தில் வேலை செய்கிறவர்களை வரச்சொன்னார். வந்த நாலு பேரில் மூன்றாவது பொன்னன். தலையில் ஆறு நாற்காலி. கஜபதி, எங்கள் ரத்தத்தில் ஓடும் அந்த முகக்களை, என்று பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புத்தகத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

“டீச்சர், ராஜா சேர் தூக்கினு வராரு.”

கேலியாகச் சொல்லவில்லை. மூன்று வரிசையும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. கஜபதி பேச்சை நிறுத்தி பேனரைப் பார்த்தார். பொன்னனைப் பார்த்தார். காதைத்தான் அதிக நேரம். பிறகு எல்லாருக்கும் நன்றி சொல்லி உட்கார்ந்தார். பேச்சில் பாக்கி இருபது நிமிடம்.

பொன்னன் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். கடைசியில் மிஞ்சிய ஒன்றில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணிடம் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். விழா முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 24.

விழாவுக்கு மறுநாள் காலையே பேனர் இறங்கிவிட்டது. களத்தில் வைத்து கஜபதி, மீசையை எடுத்துவிட்டு வேலைக்கு வரச்சொன்னாராம். பொன்னன், பார்க்கலாம் என்றாராம். நஸ்ரின் அழுதுகொண்டே சொன்னாள். அடுத்த பதிப்பில் முகத்தை மாற்றிவிடலாமா என்கிறாள். வேண்டாம் என்றேன். இதை நவம்பரில் சொல்லியிருக்கலாம்.

கஜபதிக்கு போன் செய்தேன், மூன்று தடவை. எடுக்கவில்லை.

ஜனவரி 3. நல்ல வெயில்.

கஜபதி நிலத்தில் நடவு ஆரம்பம். ஆட்கள் வெளியூர்.

உளுந்து வாங்கியாயிற்று. ஆசிரியர் பிரதி பத்து வந்தது. பக்கம் 31 இதிலும் தலைகீழ்.

பொன்னன் தாமல் பக்கம் வேலைக்குப் போகிறார், மீசையோடு. காஞ்சிபுரத்தில் பஸ் மாறவேண்டும். முதல் பஸ் காலை நாலே முக்காலுக்கு.