மண் ஒட்டாத மீன்

என் பிரியமுள்ள ஸ்டெல்லாக்கா,

நீ போன பிறகு இரண்டாவது மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது. உன் மகள் ஜெசி, கோயில் பெருநாள் கழிந்ததும் உன் பனையோலைக் கூடையை, அந்தக் கடவத்தை எடுத்துக்கொண்டு மீன் விற்கப் போகிறாள். வேண்டாம் என்று தலைகீழாக நின்று பார்த்தேன். "அம்மா சொமந்ததுதானே மாமா, எனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டாள்.

நீ போன அன்று காலையில் காரக்கோணம் பஸ்ஸில் நீ ஏறினாய். கடவத்திலிருந்து மீன்தண்ணி ஒழுகி யாரோ ஒருவர் வேட்டியில் பட்டதென்று கண்டக்டர் உன்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டான். சுமையோடு நடந்தாய். வளைவில் லாரி வந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை அக்கா. ஒரு சொட்டுத் தண்ணிக்கு ஒரு உயிரா?

பாறசாலையில் நான் வேலை பார்க்கும் அலுமினியப் பட்டறை முதலாளியிடம், ஒழுகாத மீன்பாத்திரம் ஒன்று செய்யலாம் என்றேன். "ஆருக்கு வேணும், எப்படி வேணும்ணு மொதல்ல கேட்டுட்டு வா. பொறவு தகடு வெட்டலாம்" என்றார்.

பூவார் கரையில் உன்னோடு மீன் சுமந்த கூட்டுக்காரிகளை எல்லாம் கேட்டேன். றோசக்கா இறுக்கமான மூடி வேண்டும் என்றாள். தலையில் அழுந்தக் கூடாது என்றாள் இன்னொருத்தி. தண்ணி இறங்கித் தேங்க, அடியில் துளைபோட்ட தட்டு வேண்டும் என்று எல்லாருமே சொன்னார்கள். சொன்னபடியே செய்து றோசக்காவிடம் கொடுத்தோம். கண்டக்டர் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, டிக்கெட் கிழித்தான். அன்றைக்கு உன்னை நினைத்து அழுதேன்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மீன் விற்காமல் அப்படியே திரும்பி வந்தது. தட்டின் துளைகளை மண் அடைத்துவிடும் என்று, நம் ஆட்கள் மீனைக் கழுவி அடுக்கியிருந்தார்கள். வாங்குகிற வீடுகளில் மூடியைத் திறந்து பார்த்ததும், "மண்ணே இல்லியே, இது ஐஸ் மீனாக்கும்" என்று உள்ளே போய்விட்டார்களாம். கடற்கரை மண் ஒட்டியிருந்தால்தான் அவர்களுக்கு அது அன்றைக்குப் பிடித்த மீன். சுமக்கிறவர்களை எல்லாம் கேட்டோம், தின்கிறவர்களில் ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் முதல் நாளே, "எலே மக்கா, மண்ணு எங்க?" என்று கேட்டிருப்பாய்.

றோசக்கா பாத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். "பஸ்ஸுல போலாம், ஆனா வீட்டுல பட்டினியாக்கும்" என்றாள். இப்போது பழைய கடவத்தோடு அதே வளைவில்தான் நடக்கிறாள். இன்னும் ஒரே ஒரு பாத்திரத்துக்குத்தான் தகடு தருவேன் என்கிறார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்குகிற வீடுகளுக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். மண் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றாள் ஒரு அம்மா. அதனால் மண் துளைகளை அடைக்காதபடி தட்டின்மேல் துணி விரித்து, மீனை மண்ணோடே வைக்கும்படி மாற்றுகிறேன். சரிவருமா? தெரியவில்லை. சோதித்துப் பார்க்க நேற்று கரையில் ஒரு பிடி மண் அள்ளினேன். உன் குழியில் கடைசியாக நான் போட்டதும் இதே மண்தானே அக்கா.

ஜெசி போகிற முதல் நாளைக்குள் இதை முடிக்கப் பார்க்கிறேன். முடியாமல் போனால், அந்தக் கடவத்தை நான் சுமந்து அவளோடு நடப்பேன். அந்த வளைவில் லாரி வரும் பக்கம் நான்தான் நடப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
சேவியர்