நிமிர்ந்து நின்ற குச்சிகள்

சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்காகக் குச்சி முனைகளில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். வெளியே மழை கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து உன் அம்மாவின் போன். பேசி முடித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேனடி. என்னை அவரிடம் கூட்டிப்போகும் ஜீப் வருவதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும்.

மண் ஆய்வுத் துறைக்கு நாம் இருவரும் பயிற்சி மாணவிகளாகப் போன மழைக்காலத்தில் நமக்குக் கிடைத்த வேலையும் இந்தக் குச்சிதான். சரிவில் வரிசையாக நட வேண்டும், வாரந்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். மண் நகர்ந்தால் குச்சி சாயும். அவ்வளவுதான் விஞ்ஞானம். சூரியநெல்லிக்கு அப்பால், உன் அம்மா குடியிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலேயே நம் சரிவு அமைந்ததில் உனக்கு ஒரே பெருமை. "கொஞ்சம் நேரா நில்லுங்க" என்று நான் ஒரு குச்சியிடம் சொல்லப்போக, நீ வழக்கம்போல் என் ஊர்ப் பெயரால் என்னைக் கூப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏ கொழிஞ்சாம்பாறை, உங்கூர்ல குச்சிக்குக் கூடவா மரியாதை?"

குச்சிகள் சொன்னபடி கேட்டன. எந்த வாரம் போனாலும் அப்படியே நின்றன. 'அசைவில்லை' என்றே எழுதிக் கொடுத்தோம். ஆனால் உன் வீட்டுக் கதவு சாத்த வராமல் இடித்தது. வீட்டுக்குப் பின்னால் ஊறிய தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தது. "மலை என்னமோ பண்ணுது புள்ள" என்று நீதான் முதலில் பயந்தாய். நம் பயிற்சியைப் பார்த்துக்கொண்ட சாரிடம் சொன்னோம். மழையில் மரம் உப்பும், குச்சி நேராகத்தானே நிற்கிறது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. குச்சி நேராகத்தான் நின்றது.

அன்று மத்தியானம் உன் அம்மா பாலில்லாத கட்டன்சாயா கொடுத்துக்கொண்டே சொன்னார்: "மாடு முட்டிச் சாச்சுப் போடுது போல. நீங்க நட்டதாச்சே, சாஞ்சு கெடந்தா ஒங்களத்தான ஏசுவாக? அதான் நான் தெனமும் போயி நிமித்தி வைக்கேன்."

உன் முகத்தில் ரத்தமே இல்லை. டம்ளரை வைத்துவிட்டு என்னை வெளியே இழுத்துப் போனாய். "எங்கம்மாவுக்கு இது தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். அம்மாவை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லாரையும் கீழே விரட்டினாய். கடைசி வீட்டில் படுக்கையில் கிடந்தவரைத் தூக்கிவரத் திரும்பி ஓடினாய். பிறகு அந்தச் சத்தம். லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. நீ வரவேயில்லை.

இத்தனை காலமும் உன் அம்மா போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "குச்சி நல்லாத்தான தாயி நின்னுச்சு? அப்புறம் எப்பிடி?" நான் மழையைக் குறை சொல்வேன். உனக்குச் செய்த சத்தியத்தை மீறியதில்லை.

இன்று குரலில் ஒரு உற்சாகம். "இந்தப் புது லயத்துக்கு மேலயும் ஒங்க ஆளுக குச்சி நட்டிருக்காக தாயி. காலைல பாத்தேன், ரெண்டு மூணு சாஞ்சு கெடக்கு. மழை விட்டதும் போயி நிமித்திர்றேன். எம்மக பாத்த வேலையில்ல அது."

"ஐயோ, தொடாதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன். "சாஞ்சது சாஞ்சபடி இருக்கட்டுமுங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே கீழ எறங்கீருங்க!"



"சாஞ்சா எறங்கணுமா?" என்றார் மெதுவாக. "அப்ப அன்னைக்கு நான்..."

முடிக்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

சற்று முன் தகவல் வந்தது. எல்லாரும் பத்திரமாகப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டார்களாம், உன் அம்மாவும்தான். வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. நான் போனதும் அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்பார். உன் சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்லடி?