மிச்சம் பிடித்த குரல்

ஜூன் 10
இன்று ஐந்து வகுப்பு. கடைசி மணி அடிப்பதற்குள் தொண்டை கம்மிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஏழாம் அத்தியாயத்தை வாசித்துப் பதிவு செய்தேன். அப்பா ஆசை ஆசையாக வாங்கிய கடல் பயண வரலாறு அது. படிக்க ஆரம்பிப்பதற்குள் அவருக்குப் பார்வை போய்விட்டது. மொத்தம் நாற்பது அத்தியாயம். ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்து, முழுதாக அவர் கையில் கொடுக்கப் போகிறேன்.
"ஆன வரைக்கும் குடுத்துடேன்க்கா, கேட்டுட்டு இருப்பாருல்ல" என்கிறான் தம்பி. அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

ஜூன் 21
குரல் நாணில் முடிச்சாம். "டீச்சருங்களுக்கு இது சகஜம்மா. நாலு மாசம் பேச்சைக் குறைங்க. கிசுகிசுன்னு கூடப் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்" என்றார் டாக்டர். புத்தகத்தைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

ஜூன் 22
பங்கு பிரித்துவிட்டேன். குரல் பள்ளிக்கூடத்துக்குப் பாதி, புத்தகத்துக்குப் பாதி. மற்றவர்களுக்கெல்லாம் சைகையும் துண்டுச்சீட்டும்தான்.

ஜூன் 29, ஞாயிறு
தம்பி வீட்டில் அப்பா. அவருக்கு எந்தச் சைகை, எந்தச் சீட்டு? கையை ஒரு முறை அழுத்தினால் ஆமாம், இரண்டு முறை அழுத்தினால் இல்லை என்று தம்பி ஏற்பாடு செய்து வைத்தான். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "என் பொண்ணு வாய மூடிட்டு உக்காந்திருக்கான்னா ஒருத்தனும் நம்பமாட்டான்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு
இருபத்தெட்டு முடிந்தது. அப்பா பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன். நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பினால், காலி நாற்காலியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார் — "இருக்கியாம்மா? போயிட்டியா?" ஓடி வந்து கையைப் பிடித்தேன். "ஏதாவது பேசேன். ரெண்டு வார்த்தை." இரண்டு முறை அழுத்தினேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இன்னும் பன்னிரண்டுதானே, பொறுத்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 3
முப்பத்து மூன்று.

செப்டம்பர் 14
அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். கட்டிலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அப்பாவின் கையை அழுத்தினேன்.
"அவ வரலையா?" என்றார், குழறலாக.
மறுபடியும் அழுத்தினேன்.
"வருவா... அவளுக்கு நேரம் கெடைக்கணும்ல."
வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்கு முப்பத்தாறாம் அத்தியாயம் — தம்பி வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அதற்குள் அப்பா தூங்கிப்போனார்.

செப்டம்பர் 15
அப்பா போயிட்டார். தூக்கத்திலேயே.

செப்டம்பர் 19
தம்பி இன்றைக்குத்தான் சொன்னான். அப்பாவுக்கு இடது கையில் உணர்ச்சியே இல்லையாம்.
நான் பக்கத்துலதான்பா இருந்தேன். அப்பான்னு ஒரு வார்த்தை — அதுக்கு எவ்வளவு குரல் செலவாகியிருக்கும்? முப்பத்தஞ்சு அத்தியாயம் பேசினவளுக்கு அது வரலையா? யாருக்காக மிச்சம் பிடிச்சேன்?

அக்டோபர் 23
டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். முடிச்சு கரைந்துவிட்டதாம்.
"நல்லாயிடுச்சும்மா. இனிமே எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."
தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.