கச்சாங்குக்கும் ஒரு பங்கு பிரசாதம்

ஜார்ஜ் டவுன்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் துளசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, கச்சாங் மூவரும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அங்கே ஹோபார்ட் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் நாங்கள் கேட்டுக்கொள்வது. நாய்க்குட்டியையும் ஆளோடு ஆளாகச் சேர்த்து எழுதுகிறாளே அம்மா என்று சிரிக்காதே. நீ லீவில் வந்தபோது அவனைக் கூடையில் கொண்டுவந்த அன்று சாமி கும்பிடுகிற வீட்டில் நாயா என்று குதித்தவள் நான்தான், இப்போது காலையில் காப்பி கலக்கும் முன்பே அவன் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவுகிறவளும் நான்தான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா கச்சாங்கைத் தூக்கி கேமராவுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத ஒரு விஷயம் நடந்து நல்லபடியாக முடிந்தது. அதனால்தான் முறுக்குப் பார்சலுக்குள் இந்தக் கடிதம். பயப்படாதே, எல்லோரும் சுகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். துறைமுகத்தில் அத்தனை வருஷம் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசியே பழகியவர், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாற்காலியும் டிவியும்தான் என்று ஆகிவிட்டார். நீயும் கிளம்பிப் போனபின் ஒரு வார்த்தை கேட்டால் பாதி வார்த்தைதான் பதில். கச்சாங் வந்த பிறகு மனிதருக்கு வாய் ஓயவில்லை. வறுத்த கடலை நிறத்தில் இருக்கிறான் என்று மலாயில் கடலைக்குச் சொல்கிற அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். பொமரேனியன் ஜாதி, முழுதாக வளர்ந்தாலும் நான் பாசாருக்குக் காய்கறி வாங்கக் கொண்டுபோகிற பைக்குள் அடங்கிவிடுவான், அவனுக்குத் தின்பண்டம் வாங்க அப்பா கடைகடையாக ஏறி இறங்குகிறார். முதல் தடவை வாங்கி வந்த, நாய் கடிப்பதற்கென்று தோலில் செய்த எலும்பு அவனைவிடப் பெரியது. தடுப்பூசி போடுகிற டாக்டர் கிறிஸ்டல் அதைப் பார்த்துவிட்டு, அங்கிள் நகத்தால அழுத்திப் பாருங்க, பள்ளம் விழலன்னா பால் பல்லுக்கு ஆகாது, பிச்சு முழுங்கினா தொண்டையில சிக்கிக்கும் லா என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா எந்தக் கடையிலும் நகத்தால் அழுத்திப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை, கடைக்காரர் முறைத்தாலும் கண்டுகொள்வதில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் படித்து, உப்பு, சர்க்கரை, வெங்காயப் பொடி என்று எது கண்ணில் பட்டாலும் திருப்பி வைத்துவிடுகிறார். இவ்ளோ சின்ன உடம்புக்கு ஒரு பிஸ்கட்டே நமக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு மாதிரி, ஒரு நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல தின்பண்டம் வேணாம் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், அப்பா உப்பில்லாமல் கோழியை வேகவைத்து, பட்டாணி அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி டப்பாவில் அடைக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு ஒரு நாள் வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பாரா, நீயே கேட்டுச் சொல்.

திராட்சை நாய்க்கு விஷம், காய்ந்ததும் ஆகாது என்றும் டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைக்கே அப்பா வீட்டில் இருந்த திராட்சைக் கொத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவு ஜாக்கிரதை. போன வெள்ளிக்கிழமை உன் நட்சத்திரப் பிறந்தநாள். சக்கரைப் பொங்கல் வைத்து, பிள்ளை தூரத்தில் இருக்கிறாளே என்று முந்திரியும் காய்ந்த திராட்சையும் வழக்கத்தைவிடத் தாராளமாகவே நெய்யில் பொரித்துப் போட்டு, தீபாராதனை காட்டினேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தாலும் பிரசாதம் வாங்காமல் போகக் கூடாது, பார்சல் கொண்டுவருகிற ஆளுக்கும் உண்டு. அப்பா கச்சாங்கின் நெற்றியில் திருநீறு பூசி, தன் பங்கிலிருந்து திராட்சையாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து ஊட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், எனக்கும் உறைக்கவில்லை. கடையில் வாங்குவதுதான் தின்பண்டம், பிரசாதத்தைப் போய் யாராவது தின்பண்டக் கணக்கில் சேர்ப்பார்களா?

அன்றைக்குச் சாயங்காலமே அவனுக்குத் தடுப்பூசி. பூஜை முடிந்த கையோடு கிளம்பிப் போனோம். இன்னிக்கு வேற ஏதாச்சும் சாப்பிட்டானா அங்கிள் என்று டாக்டர் கேட்க, ஒன்னுமே குடுக்கல லா டாக்டர் என்றார் அப்பா, பொய் சொல்லவில்லை, மனதார அப்படித்தான் நினைத்தார். டாக்டர் அவன் மீசையைத் தொட்டுப் பார்த்து, இது என்ன பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு என்றார். அது பிரசாதம் டாக்டர், இன்னிக்கு எங்க மக பொறந்தநாளு என்று அப்பா பெருமையாகச் சொல்ல, என்னென்ன போட்டீங்க ஆன்ட்டி என்று என்னைக் கேட்டார். நானும் அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம் என்று ஆரம்பித்து திராட்சைக்கு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. குட்டியை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார். வாந்தி எடுக்க ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, கிட்னியைப் பார்க்க வேண்டும், வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சீக்கிரமா வந்துட்டீங்க ஆன்ட்டி, அதான் நம்பிக்கை என்று மட்டும் சொன்னார்.  வீட்டுக்குள் வந்ததும் அப்பா கையைக் கழுவினார், மறுபடியும் கழுவினார். இனிமே என் கையால அதுக்கு ஒன்னும் குடுக்க மாட்டேன் ரமணி என்றார். பிறகு அதே பழைய நாற்காலி.  குட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனிதரை மறுபடி யார் பேச வைப்பது என்பதுதான் எனக்குப் பயம்.

முருகன் கைவிடவில்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக வந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். வாலை ஆட்டிக்கொண்டு வந்தவன் நேரே அப்பா காலடியில் போய்ப் படுத்தான். கிண்ணத்தில் வைத்தால் முகர்ந்து பார்க்கவில்லை, என் கையில் கோழி வைத்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அப்பா கையையே பார்க்கிறான். அவரோ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நீயே குடு ரமணி, என் கை வேணாம் என்கிறார். சின்ன ஜாதிக் குட்டி ரொம்ப நேரம் பட்டினி கிடந்தால் உடம்பில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே போய், காலையில் பாசாரில் வாங்கிய பூசணியில் ஒரு துண்டை உப்பு, வெல்லம், நெய் எதுவும் இல்லாமல் ஆவியில் வேகவைத்து மசித்தேன். நன்றாக ஆறியதும் சாமி மாடத்தில் முருகன் முன்னால் வைத்து, விளக்கேற்றி, மணி அடித்து, கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினேன். பிரசாதம் என்றால் உன் அப்பாவுக்குக் கை தானாக நீளும், பழக்கம். வாங்கிக்கொண்டு, இதுல என்ன இருக்கு என்று பயந்து பயந்து கேட்டார். பூசணிக்காய், முருகன், வேற ஒன்னும் இல்ல, உங்க பங்கு போக அவன் பங்க அவனுக்குக் குடுங்க என்றேன். மெல்லக் குனிந்து கையை நீட்டினார். கச்சாங் முன்னங்கால் இரண்டையும் அவர் முழங்காலில் வைத்து, கையில் இருந்ததையெல்லாம் தின்று, தீர்ந்த பிறகும் விடாமல் உள்ளங்கையை நக்கிக்கொண்டே இருந்தான். கூசுதுடா, கூசுதுடா என்று அப்பா சத்தமாகச் சிரித்தார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் துளசி, எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

இனிமேல் வெள்ளிக்கிழமை தோறும் நம் முருகனுக்கு உப்பும் இனிப்பும் இல்லாத பூசணிதான் நைவேத்தியம். அவர் பழகிக்கொள்வார், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. டிசம்பரில் நீ வந்ததும் உனக்குத் தனியாகச் சக்கரைப் பொங்கல் வைத்துத் தருகிறேன், ஆனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டும், திராட்சையைப் பார்த்தால் அப்பா தட்டோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, அந்த ஊர் ரொட்டியையே நம்பிக்கொண்டு இருக்காதே, சோறு வை. கச்சாங்குக்கு அனுப்புவதாகச் சொன்ன கடலை வெண்ணெய் பிஸ்கட்டில் சைலிடால் என்ற இனிப்பு கலந்திருக்கிறதா என்று பார், இருந்தால் அனுப்பாதே, அதுவும் நாய்க்கு விஷமாம், மறந்துவிடாதே. தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், எங்கே இருந்தாலும் உனக்குப் பரிமாற ஒரு கை இருக்கும்படி வாழ வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ரமணி

மடிக்கும்போது அப்பா பார்த்துவிட்டார். முழுவதும் படித்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார். கீழே உள்ளது அவர் எழுதியது.

துளசி, இன்னிக்குக் காலையிலயும் என் கையிலதான் சாப்பிட்டான். அப்பா.