பட்டாம்பூச்சிச் செடியும் நம் கிணறும்

அக்கா,

ஜொகூர் பாருவில் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு வேலியோரம் இன்று காலை அந்த வாசனை வந்தது. தேன் லேசாகப் புளித்தது போன்ற வாசனை. நீண்ட வெள்ளைக் கதிர்களாய்ப் பூத்து நின்றது உங்கள் பட்டாம்பூச்சிச் செடி. சந்தைக்குப் போகவில்லை. கூடையோடு வீடு திரும்பிவிட்டேன்.

கூலாய் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நம் இரண்டு வீடும் அடுத்தடுத்து இருந்தன. நீங்கள் பள்ளிக்கூட வாத்தியார் மனைவி, நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மனைவி. நான் கல்யாணமாகி வந்த வருஷம் நீங்கள் முழங்கால் உயரம் விட்டு அந்தச் செடியை மொட்டையாக வெட்டிக்கொண்டிருந்தீர்கள். "ஐயோ, செத்துப்போயிடுமே" என்றேன். "புதுக்கொம்புலதான்டி பூ வைக்கும். வேர்ல மட்டும் தண்ணி தேங்கக்கூடாது" என்றீர்கள். இரண்டு மாதத்தில் வாசல் முழுக்கப் பட்டாம்பூச்சி. வாடிய கதிர்களைக் கிள்ளிவிடும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள்.

பிறகு தோட்டத்துக்குப் புது மேனேஜராக அந்த வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வீடுகளுக்கு மேலே இருந்த சரிவில் லாலான் புல்லை ஒழிக்க மருந்து அடிக்கச் சொன்னார். புல் பழுப்பாகிச் சாய்ந்தது. அடுத்துப் பெய்த மழையில் சரிவுத் தண்ணீர் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றுப் பக்கம் இறங்கியது. ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு முறத்தைக் காட்டினீர்கள். அதில் இறக்கை விரித்தபடி பட்டாம்பூச்சிகள். ஒன்றுகூட அசையவில்லை.

"அந்த மழைக்கு அப்புறம் கிணத்துத் தண்ணியச் செடிக்கு ஊத்துனதுல இருந்துதான் இப்படி. நாம குடிக்கிற தண்ணி இது. நான் துரைகிட்டயே சொல்லப்போறேன்" என்றீர்கள்.

ஆபீசில் நீங்கள் தமிழில் பேச, அதைத் துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னவர் என் கணவர். துரை சிரித்துத் தலையாட்டினாராம். "கேட்டுக்கிட்டாருடி, இனிமே பயமில்ல. கிணத்தத் தூர்வாரி இறைச்சிட்டுத்தான் விடுவாங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

அன்று சாப்பிடும்போது என் கணவர் என்னிடம் சொன்னார்: "பூச்செடிக்குத் தண்ணி ஊத்த அனுமதி கேக்குறாங்கன்னு துரைகிட்ட மாத்திச் சொல்லிவச்சேன். மருந்து வாங்கச் சொல்லி எழுதினதே நான். உண்மையச் சொன்னா என் வேலை போயிடும். நீ வாயைத் திறக்காத."

நான் திறக்கவில்லை. மறுநாளே எங்கள் கூரையோரம் ஒரு பீப்பாய் வைத்தேன். "மழைத்தண்ணி எதுக்குடி?" என்று கேட்டீர்கள். "துணி வெளுக்கத்தான்க்கா" என்றேன். நீங்கள் நம்பினீர்கள். கிணற்றில் வாளி விட்டு இறைத்தீர்கள். கயிறு உருளையில் தேயும் சத்தம் தினமும் என் அடுப்படிவரை கேட்டது.

வாத்தியார் பகலெல்லாம் பள்ளியில் இருந்தார், அங்கே வேறு தண்ணீர். நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள். முதலில் விரல் மரத்துப்போகிறது என்றீர்கள். பிறகு சோறு தங்கவில்லை. ஒரு நாள் செடியை வெட்டக் கத்தியை எடுத்தீர்கள், அது கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்தேன், கத்தியைக் கொடுத்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வயிற்றுக் காய்ச்சல் என்றார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பே போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்து தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட அன்று வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவ பேச்சைத் துரைக்கு எடுத்துச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அந்த நிம்மதியோட போனா" என்றார். என் கணவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

என் கணவர் இப்போது இல்லை. வாத்தியார் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அன்று சொல்லாததைச் சொல்ல நீங்கள் மட்டும்தான் மிச்சம், அக்கா. உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்கக்கூடிய காலத்தில்.